அந்த 15 பிள்ளைகள்: உருதுப் பள்ளிகளில் ஓர் ஆசிரியர் வினாப்பட்டியல்

கராச்சியில் 5 முதல் 11 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றிய ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. சில தனியார் பள்ளிகளும் சில சமுதாயப் பள்ளிகளும் அதில் பங்கெடுத்தன. ஒரே பிள்ளையைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே வினாப்பட்டியலைத் தனித்தனியே நிரப்பினார்கள். பெற்றோர் கணக்கில் 34.4 சதவீதப் பிள்ளைகள் 'இயல்புக்கு மாறானது' என்ற கட்டத்துக்குள் வந்தார்கள். ஆசிரியர் கணக்கில் 35.8 சதவீதம்.

60 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பை நினைத்துக்கொள்வோம். ஆசிரியர் கணக்குப்படி அதில் 21 பேருக்குச் சிக்கல். ஆனால் இந்த வினாப்பட்டியல் பிரிட்டனில் உருவானபோது, மேல் கட்டத்தில் ஏறத்தாழ 10 சதவீதப் பிள்ளைகள் வரும்படிதான் எல்லை வைத்தார்கள். அதாவது 60-க்கு 6 பேர். மீதி 15 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படலாம். கராச்சி சுலபமான ஊர் இல்லை. பிள்ளைகள் பார்க்கக் கூடாத பலவற்றை அங்கே பார்த்திருக்கிறார்கள். ஆனால் சிலர் ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லாலும், சிலர் ஆசிரியரின் கண்ணோட்டத்தாலும், சிலர் லண்டனிலிருந்து அப்படியே வந்த ஓர் எண்ணாலும் அந்தக் கட்டத்துக்குள் போயிருக்கலாம். யார் எதனால் போனார் என்று பிரித்தறிய முடியாவிட்டால், உருதுவில் நம்மிடம் ஒரு தாள் இருக்கிறது, கருவி இல்லை. இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

என்ன படிவம் இது

'பலங்களும் சிரமங்களும் வினாப்பட்டியல்' என்று பொருள்படும் இதை உலகம் முழுக்க எஸ்.டி.கியூ. என்றே அழைக்கிறார்கள். லண்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டது. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1967-இல், மைக்கேல் ரட்டர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ஆசிரியர்களுக்கென ஒரு படிவம் செய்திருந்தார். குட்மனுடையது அந்த வழியில் வந்ததுதான், இன்னும் சுருக்கமானது. மொத்தம் 25 வாக்கியங்கள். உணர்ச்சிச் சிக்கல், நடத்தைச் சிக்கல், துறுதுறுப்பும் கவனக்குறைவும், சக பிள்ளைகளுடனான சிக்கல், பிறருக்கு உதவும் குணம் என ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்கள்: உண்மையல்ல, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை. மதிப்பெண் 0, 1, 2. கடைசிப் பிரிவை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டினால் அதிகபட்சம் 40. ஆசிரியர் படிவத்தில் 0 முதல் 11 வரை இயல்பு, 12 முதல் 15 வரை எல்லைக்கோடு, 16-உம் அதற்கு மேலும் இயல்புக்கு மாறானது.

இதை யார் வேண்டுமானாலும் இஷ்டப்படி மொழிபெயர்த்துவிட முடியாது. காப்புரிமை உண்டு, அங்கீகரிக்கப்பட்ட வடிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். உருது வடிவம் இருக்கிறது. அதன் செல்லுபடித்தன்மையை, அதாவது அளக்க நினைத்ததையே அது அளக்கிறதா என்பதை, சோதித்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது, எழுதியவர்களில் குட்மனும் ஒருவர். அந்த வடிவத்தின் வாசகங்களை இங்கே நான் எடுத்துப் போடவில்லை. இதுபோன்ற படிவத்தை உருதுவுக்குக் கொண்டுபோகும் எவரும் சந்தித்தே ஆக வேண்டிய தேர்வுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

'பேச்சைன்' என்ற சொல்

தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்லும் பிள்ளை, திருடும் பிள்ளை. இவையெல்லாம் எந்த மொழிக்கும் சிரமமில்லாமல் போகும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஓரிடத்தில் அசையாமல் உட்கார முடியாத, நிலைகொள்ளாத பிள்ளையைப் பற்றிய வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருதுவில் இதற்கு முதலில் கைக்கு வரும் சொல் 'பேச்சைன்'. 'சைன்' என்றால் நிம்மதி, 'பே' என்றால் இல்லாத. உடம்பு நிலைகொள்ளாததற்கும் சொல்லலாம், மனசு தவிப்பதற்கும் சொல்லலாம். கவிதையில் காதலன் பேச்சைனாக இருப்பான். மகன் வீடு திரும்பாத இரவில் அம்மா பேச்சைனாக இருப்பாள். வகுப்பாசிரியை ஒருவர் இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது, பெஞ்சில் குதித்துக்கொண்டிருக்கும் பையனும் நினைவுக்கு வரலாம், தேர்வுக்கு முன்னால் முகம் வாடிப்போகும் பெண்ணும் நினைவுக்கு வரலாம். இரண்டு பேருக்கும் துறுதுறுப்புப் பிரிவில்தான் மதிப்பெண் ஏறும். கவலைப்படும் பிள்ளை துறுதுறுப்புக் கணக்கில் சேர்ந்துவிடுகிறாள்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வழக்கமாக ஒரு முறை கையாளுகிறார்கள். இருவர் தனித்தனியே உருதுவாக்குவார்கள், இரண்டையும் ஒன்றாக்குவார்கள், பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். மூலத்தோடு ஒத்துப்போனால் சரி என்று விட்டுவிடுவார்கள். பேச்சைனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூலத்தில் இருந்த அதே ஆங்கிலச் சொல் கச்சிதமாகத் திரும்பி வரும். அகராதியும் அதைத்தான் சொல்கிறது. பிழை பிடிபடாது. திருப்பி மொழிபெயர்ப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சொல்லைச் சோதிக்கிறது, ஆசிரியரின் மனதில் எழும் பிள்ளையைச் சோதிப்பதில்லை.

'லட்னா' என்ற வினை அடுத்தது. நம் 'சண்டை' எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். கட்டிப் புரள்வதும் லட்னாதான், வாய்ச்சண்டையும் லட்னாதான். மூல வாக்கியம் அடிதடியைக் குறிக்கிறது. அகலமான சொல்லைப் போட்டால், பென்சிலுக்காக வாக்குவாதம் செய்த பிள்ளைக்கும் மதிப்பெண் விழும். பிறரை மிரட்டித் துன்புறுத்துவதற்கு 'தங்க் கர்னா' என்று எழுதினால் அது வெறும் தொந்தரவு செய்வதாக இளைத்துவிடும். 'தௌன்ஸ் ஜமானா' என்றால் ரவுடித்தனம் அளவுக்கு முறுக்கேறும். இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் சொல் இல்லை. என்ன செய்கிறான் என்று நடத்தையையே சொல்லிவிடுவதுதான் வழி.

ஏமாற்றுவது பற்றிய வாக்கியம் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் 'நகல்' ஆகிவிடுகிறது. நகல் என்றால் தேர்வில் பார்த்து எழுதுவது. பாகிஸ்தானின் தேர்வு முறையில் அது ஒரு பெரிய பிரச்சினை, பிள்ளைகளின் குணத்தைவிடத் தேர்வுக்கூடத்தின் நிலையைக் காட்டுவது. அந்தச் சொல் படிவத்தில் இல்லாவிட்டாலும் ஆசிரியர் காதில் அதுதான் விழும். வீட்டில் பொய் சொல்லித் தப்பிக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்டது, தேர்வுக்கூடக் கேள்வியாக மாறிவிடும்.

இலக்கணத்திலும் ஒரு முள் இருக்கிறது. உருதுவில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். 'ரஹ்தா ஹை' என்றால் அவன் இருக்கிறான், 'ரஹ்தீ ஹை' என்றால் அவள் இருக்கிறாள். தமிழில் 'பிள்ளை செய்கிறது' என்று தப்பித்துக்கொள்ளலாம், உருதுவில் முடியாது. பொதுவாக ஆண்பாலில் எழுதினால், பெண் பிள்ளையைப் பற்றி நிரப்பும் ஆசிரியை 25 தடவை மனதுக்குள் மாற்றிப் படிக்க வேண்டும். இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதினால் தாள் நெரிசலாகிப் படிக்கக் கஷ்டம். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என இரண்டு தாள் அச்சடிப்பதே நல்லது என்பது என் கருத்து. செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது நடுப் பதில். 'ஓரளவு உண்மை' என்பதை உருதுவில் 'கிஸி ஹத் தக்' என்று எழுதலாம், 'ஓர் எல்லை வரை' என்று பொருள். பேச்சில் அது 'தோடா பஹுத்' ஆகிவிடும், நம் 'கொஞ்சம் நஞ்சம்' மாதிரி. 'தோடா பஹுத் தோ ஸப் கர்தே ஹைன்', கொஞ்சம் நஞ்சம் எல்லாரும்தான் செய்வார்கள். இந்த நினைப்போடு படிவத்தை எடுத்தால் நடுப் பத்தி மளமளவென்று நிரம்பும். இப்போது கணக்கைப் பாருங்கள். நடத்தைச் சிக்கல் பிரிவில் ஆசிரியர் படிவத்தின்படி 4 மதிப்பெண் வந்தாலே மேல் கட்டம். ஐந்து வாக்கியங்களில் நான்குக்கு 'கொஞ்சம் நஞ்சம்' என்று குறித்தால் 4 வந்துவிடும். ஒன்றில்கூட 'நிச்சயமாக' என்று சொல்லாமலே ஒரு பிள்ளை அந்தப் பக்கம் போய்விடுகிறான்.

இன்னொன்று, சின்னதுதான். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. பதில் பத்திகளும் வலப்பக்கம் தொடங்கும். மதிப்பெண் போட இடமிருந்து வலமாகச் செய்த அச்சட்டையை அப்படியே மேலே வைத்தால் 0 இரண்டாகும், 2 பூஜ்யமாகும். தரவைக் கணினியில் ஏற்றுபவரிடம் இதை முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

ஆசிரியர் யாரோடு ஒப்பிடுகிறார்

40 பிள்ளைகளுக்கு நிரப்பச் சொன்னால் ஓர் ஆசிரியர் 1000 தீர்ப்புகள் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாவது பிள்ளைக்கு மேல் அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானமாகப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற ஒரே மனப்பதிவு 25 பதில்களாகப் பிரிந்து விழும். ஆசிரியரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. வகுப்பிலிருந்து ஐந்தாறு பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்களுக்கு மட்டும் நிரப்பச் சொன்னால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

சொல்பேச்சு கேட்பதற்கு உருதுவில் 'ஃபர்மான்பர்தார்' என்று ஓர் அழகான, கனமான சொல் உண்டு. ஆணையைத் தலைமேல் தாங்குபவன் என்பது அதன் தொனி. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முன்னால் பிள்ளை அப்படி இருக்க வேண்டும் என்பது அந்தச் சமூகத்தில் ஆழமாக ஊறிய எதிர்பார்ப்பு. லண்டனில் 'பொதுவாகச் சொன்னதைக் கேட்பான்' என்பதற்கு ஆமாம் வாங்கும் பிள்ளை, உருது வகுப்பில் இந்தக் கனமான சொல்லுக்கு முன்னால் 'ஓரளவு' என்று ஆகிவிடுவான். படிவத்தில் இதுபோல நல்லதாகச் சொல்லித் தலைகீழாக மதிப்பெண் போடும் வாக்கியங்கள் ஐந்து இருக்கின்றன. பிள்ளை மாறவில்லை, அளவுகோலின் தொடக்கம் மாறிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கூச்சம், 'ஷர்மீலாபன்', பெண் பிள்ளைகளிடம் பாராட்டப்படும் குணம். புதிய இடத்தில் ஒடுங்கி நிற்கும் சிறுமியை ஆசிரியை சிக்கலாகப் பார்க்காமல், அடக்கமான பிள்ளை என்று மகிழ்ந்து 0 போட்டுவிடலாம். அப்படிப் போனால் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை நம் கையை விட்டுப் போகிறாள். அந்த 15 பேரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. கட்டத்துக்குள் வராமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

பாகிஸ்தானில் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும், குறிப்பாகத் தொடக்க நிலைக்கு மேல், ஆண்களுக்குத் தனிப் பள்ளி, பெண்களுக்குத் தனிப் பள்ளி. பையன்களுக்கு ஆசிரியர், பெண்களுக்கு ஆசிரியை. 'ஆண் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல் கூடுதல்' என்று முடிவு வந்தால், அது பிள்ளைகளின் வேறுபாடா, நிரப்பியவர்களின் வேறுபாடா என்று பிரிக்கவே வழியில்லை. எவ்வளவு புள்ளியியல் போட்டாலும் பிரியாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் சிலவற்றையாவது மாதிரியில் சேர்க்க வேண்டும், அல்லது அந்த ஒப்பீட்டைச் செய்யாமலே விட வேண்டும்.

பிறகு மொழி. பள்ளி உருது, பிள்ளை உருது அல்ல. பாகிஸ்தானின் 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 7.08 சதவீதம்தான், 2023-இல் 9.25 சதவீதம். பஞ்சாபி, பஷ்தோ, சிந்தி, சராய்கி பேசும் வீடுகளிலிருந்துதான் பெரும்பான்மைப் பிள்ளைகள் உருது வகுப்பறைக்குள் நுழைகிறார்கள். கராச்சியின் ஒரு தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பஷ்தோ பேசும் சிறுவனை நினைத்துப் பாருங்கள். பாடம் புரியாததால் கவனம் சிதறும். பேச்சு வராததால் தனியாக விளையாடுவான். எடுத்த வேலையை முடிக்க மாட்டான், என்ன வேலை என்றே தெரியாது. ஆசிரியர் நேர்மையாக நிரப்பினாலும் இரண்டு பிரிவுகளில் அவன் மதிப்பெண் ஏறும். அவனுக்கு வேண்டியது மொழிப் பயிற்சி. அதனால் படிவத்தின் தலைப்பகுதியில் 'வீட்டு மொழி எது, இந்தப் பள்ளிக்கு வந்து எத்தனை மாதம்' என்ற இரண்டு வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். எஸ்.டி.கியூ. வாக்கியங்களை மாற்றத்தான் அனுமதி வேண்டும், முன்னால் இணைக்கும் தகவல் தாள் நம் கையில்தான் இருக்கிறது.

பெற்றோரும் ஆசிரியரும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம் சொல்லியிருக்கிறார்களே, அது நம்பகத்தன்மைக்குச் சான்றில்லையா என்று கேட்கலாம். இல்லை. இரு தரப்பும் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்வது ஒன்று, இரு தரப்பும் அதே பிள்ளைகளைச் சொல்வது வேறு. 119 ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் அக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987-இல் காட்டியது, பெற்றோர்–ஆசிரியர் மதிப்பீட்டுக்கு இடையே ஒட்டுறவு சராசரியாக 0.27 என்பது (1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தொடர்பே இல்லை). வீட்டுப் பிள்ளையும் வகுப்புப் பிள்ளையும் பாதி வேறு ஆட்கள். கராச்சியில் 1488 பெற்றோருக்கு ஒப்புதல் தாள் அனுப்பி, 700 பேர்தான் சம்மதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பற்றி ஏற்கனவே கவலையில் இருந்தவர்கள் கூடுதலாகச் சம்மதித்திருக்கலாம்.

எல்லை மதிப்பெண்ணை மொழிபெயர்க்க முடியாது

அந்த 15 பேரில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 16 என்ற எண் பிரிட்டிஷ் பிள்ளைகளை, பிரிட்டிஷ் ஆசிரியர்கள் பார்த்த விதத்திலிருந்து வந்தது. வாக்கியங்களை எவ்வளவு கவனமாக உருதுவாக்கினாலும், அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டால் லண்டனின் பார்வை அப்படியே உள்ளே வந்துவிடுகிறது.

இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. வங்கதேசம், பிரேசில், பிரிட்டன், இந்தியா, நார்வே, ரஷ்யா, யேமன் ஆகிய ஏழு நாடுகளில், எஸ்.டி.கியூ. மதிப்பெண்ணையும் விரிவான நேர்காணல் வழியாகக் கண்டறிந்த மனநலச் சிக்கலின் அளவையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஒரு நாட்டில் மதிப்பெண் கூடுதலாக இருப்பதால் அங்கே உண்மையில் சிக்கலும் அதே அளவு கூடுதல் என்று சொல்ல முடியாது என்பதே அதன் முடிவு. அந்தந்த மக்களுக்கு அவரவர் எல்லை வேண்டும். குட்மனின் வட்டத்திலிருந்தே இந்த எச்சரிக்கை வந்தது என்பதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு.

அப்படியென்றால் உருதுப் பள்ளிகளுக்கு எல்லையை எப்படி வைப்பது? உள்ளூரில் மேல் 10 சதவீதத்தை வெட்டிக்கொள்வது சுலபம். ஆனால் அது முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டுக் கணக்குப் போடுவது மாதிரி. கராச்சியில் சிக்கல் உண்மையிலேயே 20 சதவீதம் என்றால் பாதிப் பேரை நாம் கைவிட்டுவிடுவோம். சரியான வழி மெதுவானது. மதிப்பெண் கூடிய, நடுத்தரமான, குறைந்த பிள்ளைகள் என மூன்று வகையிலிருந்தும் சிலரைத் தேர்ந்து, மதிப்பெண் என்னவென்று தெரியாத ஒரு மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற உளவியலாளர் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும். எந்த எண்ணில் எத்தனை பேர் தவறாகப் பிடிபடுகிறார்கள், எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்று அதிலிருந்துதான் தெரியும். ஆசிரியர் படிவத்தோடு வரும் கூடுதல் பகுதியையும் விட்டுவிடக் கூடாது. இந்தச் சிரமம் பிள்ளையை வருத்துகிறதா, படிப்பையும் நட்பையும் கெடுக்கிறதா என்று அது கேட்கிறது. 'கொஞ்சம் நஞ்சம்' பிள்ளைகள் பலர் அந்தக் கேள்வியில் விலகிவிடுவார்கள்.

க்ரான்பாக் ஆல்ஃபா என்ற உள்ளிசைவு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஒரு படிவத்தை வேறு மொழிக்குக் கொண்டுபோனதைப் பற்றிய கட்டுரைகள் பல அதில்தான் முடிகின்றன. வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை அது காட்டும். களைத்துப்போன ஆசிரியர் ஒரே மனப்பதிவில் எல்லாவற்றையும் நிரப்பினால் ஆல்ஃபா பிரமாதமாக வரும். ஒரே ஆசிரியர் நிரப்பிய 40 தாள்கள் 40 தனிக் கருத்துகளும் அல்ல. பகுப்பாய்வில் ஆசிரியரை ஒரு தனி அடுக்காக வைத்துக் கணக்கிட வேண்டும்.

என் கையில் சிறிய நிதி இருந்தால், பெரும்பகுதியைத் திருப்பி மொழிபெயர்ப்பதில் போட மாட்டேன். இருபது முப்பது ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவதில் போடுவேன். லாகூரில் ஒரு சில பேர், கராச்சியில் ஒரு சில பேர், கிராமத்துப் பெண்கள் பள்ளியில் ஒரு சில பேர். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டிவிட்டு, 'உஸ்தானி ஜி (ஆசிரியை அம்மா), இதைக் கேட்டதும் எந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது? அவன் என்ன செய்தான்?' என்று கேட்டால் போதும். பேச்சைனுக்கு அழும் பெண்ணின் கதை வந்தால் அந்தச் சொல் ஆகாது. ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் பள்ளி வழியாக மனநல அறிவைப் பரப்பிய ஒரு முயற்சியின் முடிவுகள் 1998-லேயே வெளியாகின. பிள்ளைகளிடம் தொடங்கியது பெற்றோருக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்ததை அது காட்டியது. அந்த நாட்டுப் பள்ளிகளில் இதற்கான மனசு நெடுநாளாக இருக்கிறது.

நம் பக்கத்து ஊர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுவழிப் பள்ளிகள் உண்டு. அங்கே வீட்டில் பேசுவது உருதுவின் தென்னாட்டு வடிவமான தக்னி, 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று சொல்லும் மொழி. தெருவில் தமிழ். பாகிஸ்தானில் சரிபார்த்த உருதுத் தாளை இங்கே எடுத்துவந்தால், எழுத்து ஒன்றுதான் என்பதற்காக அப்படியே கொடுத்துவிடக் கூடாது. தமிழிலும் எஸ்.டி.கியூ. இருக்கிறது. ஆசிரியருக்கு எந்த மொழியில் பிள்ளைகளைப் பற்றி நினைப்பது இயல்போ அந்தத் தாளைக் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் பேசிப் பார்க்கும் வேலையைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

படிவத்தைப் பள்ளிக்குள் அனுப்புவதற்கு முன்னால் இன்னொன்றையும் முடிவு செய்திருக்க வேண்டும். நிரப்பிய தாளை யார் பார்ப்பார்கள்? சிந்து மாகாணம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது, இஸ்லாமாபாத் 2021-இல். சட்டம் வந்துவிட்டதால் பிரம்பு எல்லா வகுப்பிலிருந்தும் போய்விட்டது என்று நினைக்க முடியாது. 'திருடுவான்: நிச்சயமாக உண்மை' என்று பெயரோடு எழுதிய தாள் தலைமையாசிரியர் மேசையில் கிடந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். தாளில் எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் பள்ளிக்கு வெளியே, ஆய்வுக் குழுவில் ஒருவர் பொறுப்பில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும். மதிப்பெண் கூடிய பிள்ளையின் வீட்டுக்கு யார் போய்ப் பேசுவது, எந்த மருத்துவமனையில் எந்த நாள் அழைத்துப் போவது என்பதும் முதல் தாள் கொடுப்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.